செந்நாயின் பங்கு

ஒரகடம் – வண்டலூர் சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்புகிறவர்களுக்கு நாய்க்கூட்டம் பழகிப்போன விஷயம். கம்பெனி கேன்டீன் மிச்சத்தையும் ஹாஸ்டல் குப்பையையும் நம்பிப் பெருகிய கூட்டம் அது. வண்டலூர் காப்புக்காட்டை ஒட்டியோ, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி வளாகத்திலோ, கிண்டியிலோ புள்ளிமானை நாய்கள் கடித்துக் குதறியதாக அவ்வப்போது செய்தி வரும். படித்துவிட்டு உச்சுக்கொட்டுவோம். நியாயம்தான். தெருநாய் கடித்துச் சாகிற மானால் யாருக்கும் பயனில்லை.

இதே ஆட்கள் நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால், ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, மைசூரு, குண்டலுப்பேட்டை தாண்டி, இரவு ஒன்பது மணிக்குப் பந்திப்பூர் கேட் மூடுவதற்குள் மசினகுடி போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். மறுநாள் காலை தெப்பக்காடு சாலையில், செங்கல் நிறத்தில் ஏழெட்டு நாய்கள் ஒரு மானைச் சுற்றி நின்று கிழிப்பதைப் பார்த்தால், ஊரில் வருகிற அதே பரிதாபம்தான் வருகிறது. ஹாரன் அடித்து மானைக் காப்பாற்றப் பார்க்கிறவர்களும் உண்டு.

அது நாயே இல்லை. செந்நாய் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் தனி வகை. நாய்க்கும் ஓநாய்க்கும் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப்பல், செந்நாய்க்கு இரண்டுதான். தெருநாயோடு கலந்து குட்டி போடாது. நாயைப் போலக் குரைப்பதில்லை, சீழ்க்கையடிக்கும். புதருக்குள் சிதறிப்போன கூட்டம் மறுபடி ஒன்றுசேர்வது அந்தச் சீழ்க்கையால்தான். எடை பதினைந்து கிலோ சொச்சம், கிராமத்து நாய் ஒன்றின் அளவுதான். வால் மட்டும் கறுத்து, புசுபுசுவென்று தொங்கும்.

இந்தச் சின்ன மிருகத்தின் மேல் நீலகிரியில் ஒரு நூற்றாண்டு காலம் வழக்கு நடந்தது. மான் யாருக்கு என்பதுதான் வழக்கு. இன்றைக்கு அமெரிக்காவில், மொன்டானாவிலும் ஐடஹோவிலும், ஓநாய் வந்து எல்க் மான்களைத் தின்று தீர்க்கிறது, எங்களுக்குச் சுட மான் இல்லை என்று வேட்டைக்காரர்கள் போடும் சண்டையின் மூத்த அண்ணன் அந்த வழக்கு. அங்கே இன்னும் தீரவில்லை. இங்கே தீர்ந்தது போலத் தெரிகிறது. எப்படித் தீர்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

துப்பாக்கிக்காரர்களின் சங்கம்

1877-ல் ஊட்டியில் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் தொடங்கியது. தோட்ட முதலாளிகள், ராணுவ அதிகாரிகள், கலெக்டர் ஆபீஸ் துரைமார்கள் இதன் உறுப்பினர்கள். மான் மேல் இரக்கம் வந்து ஆரம்பித்த சங்கமில்லை இது. வெள்ளைக்காரர்கள் மலையேறிய அரை நூற்றாண்டுக்குள் புல்வெளிகளில் வரையாடும், சோலைகளில் கடமானும் பரிதாபமான எண்ணிக்கைக்கு வந்திருந்தன. காபி, தேயிலை, சின்கோனா என்று காடு வெட்டப்பட்டது ஒரு பக்கம். வருஷம் முழுக்க, ஆண் பெண் குட்டி பார்க்காமல் சுட்டது இன்னொரு பக்கம். சுட இனி ஒன்றும் மிஞ்சாது என்ற பயத்தில் கூடினார்கள்.

இரண்டே வருஷத்தில், 1879-ல், சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவின் ஆரம்பகால வேட்டைச் சட்டங்களில் ஒன்று. லைசென்ஸ் எடுக்க வேண்டும். குறிப்பிட்ட மாதங்களில் சுடக்கூடாது. பெண் விலங்கைத் தொடக்கூடாது. ஆணிலும் கொம்பு முற்றியதைத்தான் சுடலாம் என்று படிப்படியாக விதிகள் இறுகின. வரையாட்டில் முதுகு வெளுத்த கிழட்டுக் கிடாய் மட்டும். நல்ல விதிகள்தான், மறுக்க முடியாது. வரையாடு இன்று நீலகிரியில் இருப்பதற்கு அந்த விதிகளும் ஒரு காரணம்.

ஆனால் அதே சட்டத்தின் நிழலில் இரண்டு தரப்பினர் குற்றவாளி ஆனார்கள். தலைமுறை தலைமுறையாக வலையும் கண்ணியும் வைத்துக் காட்டில் பிடித்துத் தின்ற குறும்பரும் இருளரும் ஒரு தரப்பு. லைசென்ஸ் இல்லாத அவர்களுக்கு ஒரே நாளில் திருடன் என்று பெயர் வந்தது. இன்னொன்று செந்நாய். புள்ளிமானையும் கடமானையும் லைசென்ஸ் இல்லாமல், சீசன் பார்க்காமல், கொம்பு அளக்காமல் கொன்று தின்கிற உயிர். அதற்கு ஆங்கிலேயர் வைத்த வகை, அழிக்கத் தகுந்த பூச்சி புழு வகை. புலியைச் சுட்டால் பெருமை உண்டு. செந்நாயைச் சுட்டால் பெருமை இல்லை, கடமை என்றார்கள்.

அந்தக் கால வேட்டைப் புத்தகங்களில் செந்நாய்க்கு நல்ல வார்த்தை கிடைப்பது அபூர்வம். கோழை, கொடூரன், வயிற்றைக் கிழித்து உயிரோடு தின்கிறவன் என்ற வசவு திரும்பத் திரும்ப வரும். 1895-ல் கிப்ளிங் எழுதிய ‘ரெட் டாக்’ கதை அந்தக் கெட்ட பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் செந்நாய்க் கூட்டம் தக்காணத்திலிருந்து படையெடுத்து வருகிற கொள்ளைக்காரக் கும்பல். உள்ளூரிலும் கதைக்குக் குறைவில்லை. செந்நாய் தன் மூத்திரத்தைப் புதரில் தெளித்து வைக்கும், அது பட்டு மானுக்குக் கண் தெரியாமல் போகும், பிறகு சுலபமாகப் பிடிக்கும் என்று இந்தியாவின் பல காட்டோரக் கிராமங்களில் சொல்வார்கள்.

செந்நாயின் தலைக்குச் சன்மானம் வைத்தார்கள். கொன்றதற்கு அடையாளம் கொண்டுவந்து காட்டினால் பணம். தோட்டக்காரர்கள் இறந்த மாட்டில் விஷம் வைத்தார்கள். குகையில் குட்டியோடு சேர்த்துக் கொன்றார்கள். இது நீலகிரியோடு நின்ற பழக்கமில்லை. வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் அரசுப் பதிவுகளிலிருந்து எடுத்த கணக்குப்படி, 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியாவில் 80,000-க்கும் மேற்பட்ட புலிகளும், 1,50,000-க்கும் மேற்பட்ட சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் சன்மானத்துக்காகக் கொல்லப்பட்டன. சுதந்திரம் வந்தும் செந்நாய்க்குச் சுதந்திரம் வரவில்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை சன்மானம் தொடர்ந்தது.

பந்திப்பூரில் ஒரு சிவகாசி வாத்தியார்

சன்மானம் நின்ற நாலாம் வருஷம், 1976-ல், சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நாங்குநேரிக்காரர் ஒருவர் பந்திப்பூருக்கு வந்து உட்கார்ந்தார். ஏ.ஜே.டி. ஜான்சிங். காட்டில் சுதந்திரமாகத் திரிகிற ஒரு பெரிய விலங்கை ஓர் இந்திய விஞ்ஞானி நாள்கணக்கில், மாதக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தது அதுதான் முதல்முறை என்று சொல்வார்கள். அவர் தேர்ந்தெடுத்தது புலியை அல்ல, யானையை அல்ல. யாரும் நல்ல வார்த்தை சொல்லாத செந்நாயை. பின்னாளில் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். 2024 ஜூனில் காலமானார்.

1978 வரை அவர் பார்த்த கூட்டத்தில் சராசரியாக எட்டு உருப்படி. விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் வேட்டை. புதர்க்காட்டில் ஒரு சில நாய்கள் உள்ளே புகுந்து கலைக்கும். மற்றவை வெளியே ஓரத்தில் காத்திருக்கும். ஓடி வரும் மானின் பின்தொடையிலோ விலாவிலோ வாய் வைக்கும். புலியைப் போல, சிறுத்தையைப் போலக் கழுத்தைப் பிடித்து மூச்சை அடைக்கத் தெரியாது. அந்த வேலைக்கு உடம்பு போதாது. அதனால்தான் கிழித்துக் கொல்கிறது. பார்க்கக் கோரம்தான். ஆனால் இரண்டு மூன்று நாய்களே ஐம்பது கிலோ மானை இரண்டு நிமிஷத்துக்குள் சாய்த்துவிடும். கழுத்தில் தொங்கி நெரிக்கிற சிறுத்தை எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட இது அதிகமில்லை என்று கவனித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கொடூரம் என்ற தீர்ப்பு கடிகாரம் பார்க்காமல் எழுதியது.

சாய்த்த பிறகு பேச்சே கிடையாது. வேகவேகமாகத் தின்னும். குகையில் குட்டிகள் இருந்தால், வயிறு நிறையத் தின்ற பெரிய நாய்கள் போய் அங்கே கக்கும். குட்டிக்கும் கிடைக்கும், குட்டியைப் பார்த்துக்கொண்டு வேட்டைக்கு வராமல் இருந்த தாய்க்கும் கிடைக்கும். பெரும்பாலும் ஒரே ஒரு ஜோடிதான் குட்டி போடும். மற்ற எல்லாம் அந்தக் குட்டிகளை வளர்க்கும் அண்ணன், அக்கா, சித்தி. கடமான் சில சமயம் தப்பிக்கத் தண்ணீரில் இறங்கி நிற்கும். கழுத்தளவு தண்ணீரில் அது நிற்க, கரையில் செந்நாய்கள் உட்கார்ந்து காத்திருப்பதைக் காட்டில் பார்த்தவர்கள் உண்டு. சில நாள் நாய்கள் சலித்துப்போய்க் கிளம்பிவிடும். சில நாள் மான் குளிரில் சலித்துக் கரையேறும்.

வேட்டைக்காரர்களின் புகாரில் ஒரு பகுதி உண்மை என்பதையும் ஜான்சிங்கின் வேலை காட்டியது. செந்நாயின் முக்கிய உணவு புள்ளிமான்தான். குட்டிகளை நிறையத் தின்கிறது. வளர்ந்தவற்றில் கொம்பு முற்றிய கிடாய்களைக் கூடுதலாகக் கொல்கிறது. அடர்ந்த புதரில் கிளைக்கொம்பு சிக்கும், ஓட முடியாது என்பது ஒரு காரணம். துரைமார் சுவரில் மாட்ட ஆசைப்பட்டதும் அதே கொம்புதான். இரண்டு பேரும் ஒரே மானுக்குப் போட்டியிட்டது நிஜம். செந்நாய் ஒரு சோலைக்குள் வந்துபோனால் நாள்கணக்கில் அங்கே கடமான் கிடைக்காது என்ற புலம்பலிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். விரட்டப்பட்ட விலங்கு இடம் மாறும். ஆனால் துப்பாக்கிச் சத்தத்துக்கும் அது இடம் மாறும் என்பதை யாரும் புத்தகத்தில் எழுதவில்லை.

வழக்கின் மையக் கேள்வி இது அல்ல. செந்நாய் மான் தின்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தின்பதால் மான் குறைகிறதா?

மூன்று வாய், நிறைய மான்

பதில் பந்திப்பூரை ஒட்டிய நாகரஹொளேயில் கிடைத்தது. 1980-களின் பிற்பாதியில் உல்லாஸ் காரந்த் என்ற பொறியாளர் விஞ்ஞானியாகி, ஆய்வாளர் மெல் சன்குவிஸ்டோடு சேர்ந்து அந்தக் காட்டில் என்னென்ன தாவர உண்ணி எவ்வளவு இருக்கிறது என்று நடந்து நடந்து எண்ணினார். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐம்பது புள்ளிமான். யானையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின் எடையையும் கூட்டினாலே, சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7,600 கிலோ. ஆசியாவில் அதுவரை வந்த மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று அது. அதே காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் வயிறு நிறையத் தின்றுகொண்டிருந்தன. புலி சராசரியாகத் தொண்ணூறு கிலோ இரையைக் கொன்றது. செந்நாயும் சிறுத்தையும் நாற்பது கிலோவை ஒட்டியதை.

மூன்று வாய் தின்கிற காட்டில்தான் மான் அதிகம் என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. நாகரஹொளேயில் அது கண்ணுக்குத் தெரிகிற காரணம். 1970-களிலிருந்து ரேஞ்சர் கே.எம். சின்னப்பா மாதிரி ஆட்கள் திருட்டு வேட்டையைத் தடுத்தார்கள். காட்டுக்குள் மாடு மேய்வது குறைந்தது. மான் தானாக ஏறியது. செந்நாய் ஒன்றைக்கூட யாரும் கொல்லவில்லை.

மாட்டைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. மசினகுடி, சீகூர்ப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான பட்டி மாடுகள் பாலுக்காக வளர்க்கப்பட்டவை அல்ல; எருவுக்காக. எரு லாரியேறி மலைத்தோட்டங்களுக்குப் போகும். பந்திப்பூர் ஓரத்துக் கிராமங்களில் எம்.டி. மதுசூதன் செய்த ஆய்வு இதன் வாலைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போகிறது. உலகச் சந்தையில் காபி விலை ஏறினால் காபித் தோட்டத்துக்கு எரு வேண்டும். எருவுக்கு விலை வந்தால் கிராமத்தில் மாடு பெருகும். மாடு பெருகினால் காட்டில் புல் போகும். விலை சரிந்து மாடு குறைந்த இடங்களில் புள்ளிமானும் காட்டெருதும் யானையும் கூடியதை அவர் எண்ணிக் காட்டினார். பந்திப்பூர் மானின் தலையெழுத்து பிரேசிலில் காபிச் செடி பனியில் கருகுவதோடு முடிச்சுப் போட்டிருக்கிறது என்று சொன்னால், சன்மானம் வைத்த கலெக்டர் நம்பியிருக்க மாட்டார்.

மாடு கொண்டுவந்தது புல் பஞ்சத்தை மட்டும் அல்ல. 1968-ல் முதுமலையிலும் பந்திப்பூரிலும் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு வெக்கைநோய் காட்டெருதுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. செந்நாய் ஒரு நூறு வருஷத்தில் சாய்க்க முடியாத எண்ணிக்கை. அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். அதன் இடத்துக்கு இப்போது வந்திருப்பவை செடிகள். உண்ணிச்செடி எங்கும் மண்டிக் கிடக்கிறது. அதோடு மஞ்சள் பூப்பூக்கிற சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரம் சேர்ந்து, அடியில் புல் முளைக்கவிடாமல் நிழல் போடுகிறது. இதை வெட்டியெடுத்துக் காகிதக்கூழுக்கு அனுப்ப புகழூர்க் காகித ஆலைக்கு, அதாவது டி.என்.பி.எல்.-க்கு, வனத்துறை அனுமதி கொடுத்திருக்கிறது. மான் பெருக வேண்டுமென்றால் இந்த மரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஓநாய் இல்லாத தீவு

இன்னொரு சாட்சி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் ஓநாயும் கிடையாது, செந்நாயும் கிடையாது, புலியும் கிடையாது. சிறுத்தைதான் அங்கே பெரிய வேட்டை விலங்கு. அங்கே கடமானை வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் எல்க் என்றே அழைத்தார்கள். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை வளர்த்து, மலைக்காட்டில் எல்க்கைத் துரத்திப் பிடித்ததை 1854-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். படிக்கும்போது ஒன்று உறைக்கும்: செந்நாய் செய்வதைத்தான் பேக்கரின் நாய்கள் செய்தன. அதே துரத்தல், அதே தண்ணீரில் நிற்கிற மான், அதே கரையில் காத்திருக்கும் கூட்டம். ஒன்று விளையாட்டு, இன்னொன்று அட்டூழியம் என்று பெயர் வைத்தது துப்பாக்கி பிடித்த கை.

போட்டிக்கு ஓநாய் இல்லாத அந்தத் தீவில் எல்க் பெருகியதா என்றால், இல்லை. துப்பாக்கியும் காபித் தோட்டமும் சேர்ந்து அங்கும் குறைத்தன. நீலகிரிக்குப் பதினேழு வருஷம் கழித்து, 1894-ல், இலங்கையிலும் தோட்டக்காரர்கள் கூடி ஒரு வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் வேட்டைத் தளமாக இருந்த ஹார்டன் சமவெளி 1988-ல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே இப்போது கடமான் சுற்றுலாப் பயணியின் கையிலிருக்கும் பிஸ்கட்டுக்காகக் கார் பக்கம் வருகிறது. அதைத் தின்னச் சிறுத்தையும் இருக்கிறது.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு, அதனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவில் 1920-களோடு ஓநாயைத் தீர்த்துக்கட்டிவிட்டு, 1995, 1996-ல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பூங்காவின் வடக்குப் பகுதி எல்க் கூட்டம் 1994-ல் சுமார் 19,000. 2013-ல் நாலாயிரத்துக்கும் கீழே. பூங்காவுக்கு வெளியே, மொன்டானாவின் கார்டினர் ஊரில் குளிர்காலக் கடைசியில் நடக்கும் எல்க் வேட்டைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த பெர்மிட், படிப்படியாகக் குறைந்து கடைசியில் அந்த வேட்டையே நின்றது. சுடக் கிடைக்கவில்லை என்கிற வேட்டைக்காரரின் கோபம் அங்கே கற்பனை இல்லை.

ஆனால் அந்தக் கணக்கையும் முழுசாக ஓநாயின் தலையில் எழுதிவிட முடியாது. அதே வருஷங்களில் கரடியும் மலைச்சிங்கமும் கூடின, வறட்சி வந்தது, 1997-ன் கொடிய குளிர் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் கொன்றது, ஓநாய் வந்த முதல் பத்து வருஷத்தில் கார்டினர் வேட்டைக்காரர்களே ஏராளமாகப் பெண் எல்க்குகளைச் சுட்டார்கள். மொன்டானா மாநிலம் முழுக்க எடுத்துக்கொண்டால் எல்க் இன்று லட்சத்துக்கும் மேல். பிரச்சினை, அவற்றில் நிறைய பெரிய தனியார் பண்ணைகளில் போய் நிற்கின்றன. அங்கே சாதாரண வேட்டைக்காரனுக்கு அனுமதி கிடையாது. கோபம் பண்ணை முதலாளி மேல் போகாமல் ஓநாய் மேல் போகிறது. ஓநாய்க்கு வக்கீல் கிடையாதே. எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்கிற அழகான கதையும் முழு உண்மை இல்லை. ஓநாய் வந்தது, எல்க் பயந்தது, ஆற்றங்கரை மரம் மறுபடி தழைத்தது என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். இருபது வருஷம் அளந்து பார்த்த ஆய்வாளர்கள், பல இடங்களில் மரம் அப்படியொன்றும் மீளவில்லை என்று 2024-ல் எழுதினார்கள்.

அமெரிக்க வேட்டைக்காரனுக்கு ஒரு வாதம் உண்டு, நம் ஊரில் அதற்கு இணை இல்லை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அவன் கட்டுகிற வரி 1937 முதல் நேராக வனவிலங்குத் துறைக்குப் போகிறது. லைசென்ஸ் கட்டணமும் அப்படித்தான். மான் குறைந்தால் லைசென்ஸ் குறையும். லைசென்ஸ் குறைந்தால் மானைப் பார்த்துக்கொள்ளும் பணமும் குறையும். ஆகவே ஓநாயைச் சுடும் உரிமையும் வேண்டும் என்கிறான். ஐடஹோ மாநிலம் 2021-ல் ஓநாய் வேட்டையை ஏறக்குறையக் கட்டுப்பாடில்லாமல் திறந்துவிட்டது. ஓநாய் பிடிப்பவர்களுக்குச் செலவுத்தொகை கொடுக்கும் அமைப்பு அங்கே இருக்கிறது. பெயர் வேறு, நீலகிரிச் சன்மானம்தான் அது.

கொம்பைக் கீழே வைத்தவர்கள்

நீலகிரிச் சங்கத்துக்கு என்ன ஆனது? அழியவில்லை. பெயர் மாறி, நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் என்று இன்றும் ஊட்டியில் இருக்கிறது. மனசு மாறியதற்கு ஒரு முகம் சொல்ல வேண்டுமென்றால், குன்னூர் வக்கீல் ஈ.ஆர்.சி. டேவிதார். முன்னாள் வேட்டைக்காரர், சங்கத்தின் கௌரவச் செயலாளராக இருந்தவர். 1960-களில் சீகூர்ப் பீடபூமியில், புள்ளிமான் நடமாடும் இடத்தில் ஒரு சின்ன வீடு கட்டினார். திண்ணையில் உட்கார்ந்தே செந்நாய்க் கூட்டங்களை வருஷக்கணக்கில் கவனித்தார். அதைப் பற்றி எழுதினார். அதற்காகப் பேசிய முதல் சிலரில் ஒருவரானார். 1970-களின் பிற்பாதியில் வரையாடுகளை மலைமலையாக ஏறி எண்ணி, மொத்தம் சுமார் 2,200 என்று சொன்னவரும் அவரே.

வேட்டைக்காரரே மாறினார் என்பதைப் பெருந்தன்மையாக மட்டும் நான் பார்க்கவில்லை. லைசென்ஸ் வேட்டை 1972-க்குப் பிறகு சுருங்கி, 1991 திருத்தத்தோடு அடியோடு நின்றது. மான் மேல் மனிதன் கேட்ட பங்கு சட்டத்தில் பூஜ்யமாயிற்று. அதன் பிறகு செந்நாயோடு சண்டை போட என்ன இருக்கிறது?

இந்தப் பங்குச் சண்டைக்கு வெளியே, ஒரு பழைய ஏற்பாடு காட்டுக்குள்ளேயே இருந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குறும்பரும் காட்டு நாயக்கரும் செந்நாய் வேட்டையாடும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் போவார்கள். கை தட்டிச் சத்தம் போட்டால் போதும், செந்நாய் விலகி நிற்கும், மனிதரைத் தாக்காது. மானில் பாதியோ முக்காலோ வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். பந்திப்பூரில் ஜான்சிங்கும் இதைப் பார்த்திருக்கிறார். துரை செந்நாயைத் தன் மானைத் திருடுகிறவனாகப் பார்த்தான். இவர்கள் தங்களுக்கு மான் பிடித்துத் தருகிறவனாகப் பார்த்தார்கள். விலங்கு ஒன்றுதான். இன்று இப்படி இறைச்சி எடுத்தாலும் சட்டப்படி குற்றம், பிடிபட்டால் ஜெயில். செந்நாய்க்கும் அது நல்லதில்லை என்பது வேறு விஷயம். வாயிலிருந்து பிடுங்கப்பட்ட கூட்டம் மறுபடி வேட்டையாட வேண்டும், குகையில் குட்டி பசியோடு இருக்கும்.

சுடுகிறவன் போய்விட்டான், ஆனாலும் செந்நாய் இன்று உலக அளவில் அழிவின் விளிம்புப் பட்டியலில் இருக்கிறது. இனப்பெருக்கம் செய்யும் வயதில் உலகம் முழுக்க இருப்பவை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கணிப்பு. மானும் காடும் சுருங்குவது ஒரு காரணம். கன்றைக் கொன்ற கோபத்தில் பட்டிக்காரர் செத்த மாட்டில் வைக்கும் விஷம் இன்னொன்று. சீகூரில் அதே பிணத்தில் உட்காரும் பாறு கழுகும் சேர்ந்து சாகும். அதைவிடச் சத்தமில்லாமல் கொல்வது, காட்டோரக் கிராமங்களின் நாய்கள் சுமக்கிற வெறிநோயும் டிஸ்டெம்பரும் சொறியும். ஒரு கூட்டத்தில் ஒரு செந்நாய்க்கு வந்தால் போதும். ஒன்றின் வாயிலிருந்து ஒன்று தின்று வளரும் குடும்பம் அது. மசினகுடிப் பக்கம் தெருநாய்களுக்குப் போடப்படும் ஒவ்வொரு தடுப்பூசியும் செந்நாய்க்குப் போட்ட மாதிரி.

எண்ணுவதில் செந்நாய்க்கு ஒரு பாதகம் உண்டு. புலிக்கு வரி இருக்கிறது, சிறுத்தைக்குப் புள்ளி இருக்கிறது; தானியங்கிக் கேமராவில் விழுந்தால் ஆள் அடையாளம் தெரியும். செந்நாய்க்கு எல்லாம் ஒரே சிவப்பு. வரையாட்டுக்கு என்று தமிழக அரசு தனித் திட்டமே போட்டு எண்ணி, இங்கே 2024-ல் 1,031 என்றும், கேரளத்தோடு சேர்ந்து எண்ணிய 2025-ல் 1,303 என்றும் கணக்குச் சொல்கிறது. முதுமலையை ஒட்டிய வயநாட்டில் அர்ஜுன் ஸ்ரீவத்சாவும் கூட்டாளிகளும் செந்நாய்க்கு வேறு வழி கண்டார்கள். செந்நாய்க் கூட்டம் பாதை ஓரத்தில் ஒரே இடத்தில் மலம் கழிக்கும். அதைச் சேகரித்து, மரபணு பார்த்து, ஆளுக்கு ஆள் பிரித்தார்கள். ஏறத்தாழ 350 சதுர கிலோமீட்டர் வரும் வயநாடு சரணாலயத்தில் சுமார் ஐம்பது செந்நாய் என்று 2021-ல் வெளியிட்டார்கள். சுற்றிலும் புலியும் சிறுத்தையும் இருக்கிற காட்டில் ஐம்பது வாய். அந்தக் காட்டுப் புள்ளிமான் கூட்டங்கள் இன்றைக்கும் முத்தங்கா சாலையோரத்தில் மேய்கின்றன.